வேனில் எழுந்து நின்று சொல்லணும்

என் நாத்தனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பச்சைப் பொய். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தெருவில் எதிரே வந்தால் என் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார். நானும் நின்று, "சாப்பிட்டீகளா மதினி?" என்று கேட்கிறேன். ஆனால் கம்பெனி வேனில் அன்று பேசிய பேச்சு நினைவுக்கு வந்தால் போதும், வாயில் மரியாதை நிற்காது. அதனால் இங்கே அவளை 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதையை நேரில் பார்க்கும்போது கொடுத்துக்கொள்கிறேன்.

நான் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் வாக்கப்பட்டது இரண்டாயிரத்து நான்காம் வருடம். பன்னிரண்டாவது வரை உயிரியல் எடுத்துப் படித்துவிட்டு, பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தேன். என் கணவர் இன்னொரு கம்பெனியில் மருந்து கலக்கிறவர். பட்டாசு மருந்தைச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் கலந்து முடிக்க வேண்டிய வேலை. கை நடுங்குகிறவனுக்கும் கோபக்காரனுக்கும் அந்த அறையில் இடம் கிடையாது. அவர் இரண்டும் இல்லை. யார் என்ன சொன்னாலும் வாய் திறக்க மாட்டார், பேச்சு முற்றினால் எழுந்து போய்விடுவார். அப்பா அம்மா இல்லாத அவரை வளர்த்தது அவருடைய அக்கா. பத்து வயது மூத்தவள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்கும் அவளுக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேன்.

முதல் வருடம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். இரண்டாவது வருடம் பாதியில் அவருக்கு அது குறைந்தது. மூன்றாவது வருடம் நின்றே போனது. ஆசை நிற்கவில்லை. ஆசையாகத்தான் பக்கத்தில் வருவார். உடம்பு பாதியில் கைவிட்டுவிடும். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து பானைக்குப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். நான் என்னவென்று நினைப்பேன்? என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பூ வைத்துப் பார்த்தேன், புதுப் புடவை கட்டிப் பார்த்தேன். பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய சங்கதியா அது?

அவள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு இருந்திருப்பாள், சண்டாளி. ஒவ்வொரு மாதமும் நான் தலைக்கு ஊற்றும் நாளை என்னைவிடச் சரியாக அவள் வைத்திருந்தாள். ஒருநாள் வேலைக்குப் போகும்போது, வேன் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, யாரோ எனக்கு விசேஷம் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் சொன்னாள்:

"எந் தம்பி தங்கம்ல்லா. அவன் மேல ஒரு கொறை சொல்ல முடியுமா? இதுதான் கட்டை. கட்டையக் கெட்டிக்கிட்டு அவன் என்னதான் செய்வான், பாவம்!"

வேனில் ஒருத்தி சிரித்தாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சோற்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன். அன்று முழுக்க நான் பின்னிய சரத்தில் பாதியைக் கணக்குப்பிள்ளை பிரித்துப் போடச் சொன்னார்.

அதோடு விட்டாளா? பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. கர்ப்பிணியின் கையில் போட நான் வளையலை எடுத்துவிட்டேன். அவள் என் விரல்களை விரித்து வளையலைப் பிடுங்கி, "பிள்ளை பெத்தவ போடட்டும், நீ தள்ளி நில்லு புள்ள" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் அந்தப் பந்தலிலேயே முடிவு செய்தேன், இவள் ஒருநாள் பத்துப் பேர் மத்தியில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று.

தம்பிக்கு வைத்தியமும் அவளே பார்த்தாள். வேனில் என்னைக் கட்டை என்றாள், அடுப்படியில் அவனுக்கு மருந்துச் சூடு என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. பட்டாசு மருந்தில் கிடக்கிற ஆம்பளைக்கு உடம்பு சூடேறி, வித்து வற்றிவிடும். இனிப்பும் குளிர்ச்சியுமாகக் கொடுத்துச் சூட்டை இறக்க வேண்டும். ஆகவே காலையில் உளுந்தங்களி. உளுந்தையும் பச்சரிசியையும் வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, நல்லெண்ணெய் மிதக்கக் கிண்டுவாள். மத்தியானத்துக்கு வாழைப்பழம். பதநீர் சீசனில் பதநீர். அவர் மறுக்காமல் சாப்பிடுவார். அக்கா கொடுத்தால் விஷத்தையும் சாப்பிடுவார்.

ஒன்றை நான் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எனக்குப் பொறாமை வந்தது. என் புருஷனை அவள் என்ன குணப்படுத்துவது? நானும் களி கிண்டினேன். அவளைவிட ஒரு கைப்பிடி கருப்பட்டி அதிகமாகப் போட்டேன். சாயங்காலம் அதிரசம், எள்ளுருண்டை. அவள் கொடுத்த களியை அவர் மிச்சம் வைத்துவிட்டு என்னுடையதை முழுசாகச் சாப்பிட்ட நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கொல்லையில் வேப்பமரத்தடியில் அவர் ஒன்றுக்குப் போகும் இடத்தில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. பன்னிரண்டாவது வரை உயிரியல் படித்த மகராசி என்ன செய்தேன் தெரியுமா? எறும்புப் பொடி வாங்கிப் போட்டேன்.

தீபாவளி முடிந்தால் கம்பெனிகள் மூடிவிடும். எங்கள் ஊர்களில் கல்யாணம் பேசுவது, பாகம் பிரிப்பது, பிடிக்காத பெண்டாட்டியைத் தீர்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே அந்த லீவில்தான். எங்களுக்கு அது மூன்றாவது தீபாவளி. தீபாவளி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூடி என்னைத் தீர்த்துவிடுவது என்று அவள் பங்காளிகளிடம் பேசி முடித்திருந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்துவிட்டாள். அவரிடம் கேட்டேன், "என்னையத் தீர்த்து விடப் போறீகளா?" என்று. "நான் அப்படிச் சொன்னேனா?" என்றார். சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் கட்டை என்ற பெயரோடு என் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக, செத்தாலும் சாகட்டும் என்று ஏதாவது ஒரு மருந்தறையில் போய் உட்கார்ந்துவிடலாம் என்றுகூட யோசித்திருக்கிறேன்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு காலை, மருந்தறை வாசற்படியில் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. நல்லவேளை, உள்ளே போகவில்லை. போர்மேன் அவரை அப்படியே வெளியே நிறுத்திவிட்டார். "கிறுகிறுன்னு வர்ற ஆளை உள்ள விட்டா எல்லாரும் சேர்ந்துல்ல போகணும்? டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கிட்டு வா." அவர் தனியாகத்தான் கிளம்பினார். நான் விடவில்லை. கூடவே பஸ் ஏறி விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் இவர்.

"இருக்கு சார்" என்றேன் நான்.

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இன்னொரு நோயாளியிடம் பேசும் அதே குரலில் நாலைந்து கேள்வி கேட்டார். பிறகு மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தில் சின்னச் சின்ன வட்டங்களாக நெருக்கி வரைந்தார்.

"இதெல்லாம் அந்த உறுப்புக்குள்ள இருக்கிற தசை செல்லுன்னு வச்சுக்கங்க. இத்தனையும் ஒண்ணா தளர்ந்து கொடுத்தாத்தான் ரத்தம் உள்ள வந்து நிக்கும். பாதி தளர்ந்து பாதி இறுகிக் கிடந்தா நிக்காது. ஆனா நரம்பு ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாப் போய்ச் சேதி சொல்றதில்ல. கொஞ்ச செல்லுக்குத்தான் சொல்லும். மத்ததுக்குச் சேதி எப்படிப் போகுது?"

நாங்கள் இருவரும் வட்டங்களைப் பார்த்தோம்.

"பக்கத்துல பக்கத்துல சொல்லிக்கும். ரெண்டு செல்லும் ஒட்டுற இடத்துல குட்டி வாசல் இருக்கு. புரதத்தால ஆன வாசல். பாதி இந்த செல்லு போடும், பாதி அந்த செல்லு போடும், நேருக்கு நேர் சேர்ந்தா வழி திறக்கும். அது வழியா ஒண்ணுலருந்து ஒண்ணுக்குச் சேதி ஓடும். சர்க்கரை வருஷக்கணக்கா ஏறிக் கிடந்தா அந்த வாசல் பழுதாகும். அது மட்டுமில்ல, நரம்பும் கெடும், ரத்தக்குழாயும் கெடும்."

என் கணவர் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வட்டமாக விரலை ஓட்டினார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத ஒரு குரலில், "அப்ப, மருந்துல கொறை இல்ல. ஒண்ணுலருந்து ஒண்ணுக்குத் தீப் பத்தலைங்கிறீக. திரி நமத்துப் போச்சு" என்றார்.

"அதேதான். உங்க ஆம்பளைத்தனத்துலயும் கொறை இல்ல, இவங்ககிட்டயும் கொறை இல்ல" என்றார் டாக்டர். "சர்க்கரையை இறக்குவோம். அதுக்கப்புறம் தேவைப்பட்டா அதுக்கும் மாத்திரை இருக்கு."

இவங்ககிட்டயும் கொறை இல்ல. எனக்கு அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போய் வேனுக்கு முன்னால் கட்ட வேண்டும் போல இருந்தது. பல வருடம் கழித்து அந்தப் புரதத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். கனெக்ஸின் என்று பெயர். ஆறு ஆறாகக் கூடித்தான் அரைவாசல் ஆகுமாம். அதில் எத்தனையோ வகை, வகைக்கு ஒரு எண். இந்த வேலைக்கு முக்கியமானது நாற்பத்து மூன்றாம் எண்காரன். கேட்ட சேதியைக் கேட்ட மாத்திரத்தில் பக்கத்துக்குக் கடத்துவதுதான் அதன் தொழில். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தொழிலில் என் நாத்தனாரை மிஞ்ச எந்தப் புரதத்தாலும் ஆகாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து லேசாகச் சிரித்த மாதிரி இருந்தார். குணமாகிவிடுவோம் என்ற சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் வேறு சந்தோஷம். சீட்டையும் வட்டம் போட்ட காகிதத்தையும் நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். சிவகாசி வரும் வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவருக்கு அது புரிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இந்தா, கூட்டத்துல இதை எடுத்துறாத. அம்புட்டு ஆம்பளைக மத்தியில எம் மானம் போயிரும். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

"எப்பச் சொல்வீக?"

"சொல்லுதேன்."

அக்கா களி கொண்டுவந்தாள். "வயிறு சரியில்லக்கா" என்று திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான். தீபாவளியும் போனது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அவர் சொல்லவே இல்லை.

கோயில் முன்னால் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் கணவரின் பெரியப்பா. பெண்கள் ஓரமாக நின்றார்கள். என் அண்ணன் மேல்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குற்றவாளி மாதிரி நின்றான். அவள் ஆரம்பித்தாள். மூன்று வருடம் ஆகிறது, வீட்டில் ஒரு புழு பூச்சி இல்லை, இவளுக்குப் புருஷன் மேல் நாட்டமே கிடையாது, தம்பி உருகி உருக்குலைந்துவிட்டான். சொல்லிக்கொண்டே அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள்.

பெரியப்பா என் கணவரைக் கேட்டார். "என்னப்பா சொல்லுத? நீ சொல்லணும்ல்லா?"

பதில் இல்லை. இரண்டாவது தடவை கேட்டார். பதில் இல்லை. மூன்றாவது தடவை கேட்டபோது அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? போகப் போகிறார். என்னை இங்கே இத்தனை பேர் நடுவில் விட்டுவிட்டுப் போகப் போகிறார்.

"நான் சொல்லுதேன் மாமா" என்று ரவிக்கையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

எல்லாவற்றையும் வாசித்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சர்க்கரையைச் சொன்னேன், வாசல் பழுதானதைச் சொன்னேன், அதனால் எது நிற்கவில்லை என்பதையும் சொன்னேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆண்களில் நாலைந்து பேர் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக் கதை எனக்குத் தெரியாது.

"பொய்! இவளே எழுதிக்கிட்டு வந்திருக்கா!" என்று அவள் கத்தினாள்.

பெரியப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, ஊருக்கே தெரியும். அவர் கையை உயர்த்தி அவளை அடக்கினார். "தண்ணி நெறையக் குடிப்பானா?"

"சொம்பு சொம்பா" என்றேன். "கொல்லையில எறும்பு மொய்க்கும். வேணும்னா யாராவது வந்து பாருங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தா அவனுக்குக் குடுத்த?"

அவளுக்கு அது பெருமையான கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஒருநாளு விடல பெரியப்பா. தெனம் காலையில களி. நல்ல கருப்பட்டியாப் பார்த்து வாங்கி எங்கையாலயே கிண்டிக் குடுத்தேன்."

பெரியப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி! தம்பியக் கொல்லப் பார்த்தியே!"

அவள் முகம் போன போக்கை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். வாய் திறந்தபடி நின்றாள். அதுவரை நான் பட்டதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வசூலாகிவிட்டது. என் களியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"உனக்கு என்ன வேணும் தாயி?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார். அவர் எதிர்பார்த்தது ஒரு மன்னிப்பு. காலில் விழச் சொன்னால்கூட அவள் அப்போது விழுந்திருப்பாள். எனக்கு அது போதவில்லை.

"எங்க வச்சு என்னையக் கட்டைன்னாங்களோ அங்க வச்சு இதைச் சொல்லணும். வேன்ல எழுந்து நின்னு சொல்லணும்."

என் கணவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

கார்த்திகையில் கம்பெனி திறந்த முதல் நாள், வேன் கிளம்பியதும் அவள் எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எந் தம்பிக்குச் சுகரு. அதனாலதான் அவனால முடியல. இவ மேல ஒரு கொறையும் இல்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முன்பு சிரித்தவள் இப்போதும் சிரித்தாள், ஆனால் வேறு ஆளைப் பார்த்து. நான் சோற்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அம்மாடி, எப்படி இருந்தது தெரியுமா!

வேனில் சொன்னது வேனோடு நிற்குமா? சாயங்காலமே ஆண்கள் வேனுக்குப் போய்விட்டது. மறுநாள் மருந்தறையில் அவருக்குக் 'களி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏலே, களி வந்துட்டாம்லே." பொங்கலுக்குள் அவர் அந்தக் கம்பெனியை விட்டார். வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆள் தெரியாத ஒரு கம்பெனிக்குப் போனார். விடிவதற்கு முன்னால் கிளம்பி, சாயங்காலம் வந்து, கம்பங்கூழைக் குடித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்பார். என்னிடம் சண்டை இல்லை. ஒரு கடுஞ்சொல் இல்லை. நானும் பத்தியச் சோறு பார்த்துப் பார்த்து ஆக்கினேன்.

ஆடி மாதம் மறுபடி விருதுநகர் போனோம். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் கேட்டார், "அந்த விஷயம் எப்படி இருக்கு?"

"இப்பச் சரியாயிருச்சு சார். மாத்திரைகூட வேணாம்" என்றார் இவர்.

நான் திடுக்கிட்டுப் போனேன். அவர் என்னைத் தொட்டே ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டேன். "சரியாயிருச்சா? எனக்கெப்படித் தெரியாமப் போச்சு?"

"ஒடம்பு சரியாயிருச்சு. ஒன்னையப் பார்த்தா அந்த வேன்தான் ஞாபகத்துக்கு வருது."

அப்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அன்னைக்குக் கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா நான் எதுக்கு வேனுக்குப் போறேன்? மூணு தடவை கேட்டாகளே!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லத்தான் எந்திரிச்சேன்" என்றார். "அதுக்குள்ள நீ பேப்பரை எடுத்துட்ட."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அவர் சொன்னது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று சிவகாசி வரும் வரை எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.